சிட்டுக்குருவிக் கூட்டுப்பெட்டிக் கண்காணிப்பு

சிட்டுக்குருவிக்குச் செயற்கைக் கூட்டுப்பெட்டி அமைத்து, முட்டை முதல் குஞ்சு பறப்பது வரை குறித்துவைக்கும் குடிமக்கள் அறிவியல் பணி. இப்பறவையின் அறிவியல் பெயர் பாஸர் டொமெஸ்டிகஸ்.

மதுரையிலும் மேலூர், திருமங்கலம் சமவெளியிலும் ஓட்டு வீடுகளின் இறவாரமும் உத்தர இடுக்கும் குருவிக்கு இடம் தந்தன. கான்கிரீட் வீடுகளில் அவ்விடுக்குகள் அரிது; அதனால்தான் பெட்டி தேவைப்படுகிறது.

பெட்டியின் வாசலுக்கு 32 மி.மீ. விட்டம் போதும், மிகப் பெரிதானால் மைனா புகும். பூனைக்கு எட்டாமல், சுமார் 3 மீட்டர் உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுவர். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் ஊரில் தகரப் பெட்டி அறவே ஆகாது. காற்றுத் துளையுள்ள மரப்பெட்டியே ஏற்றது. வாசலுக்குக் கீழே பலரும் அழகுக்கு வைக்கும் குச்சி காகத்துக்குத்தான் உதவும்.

வாரம் ஒருமுறை, தாய்ப்பறவை வெளியே போன வேளையில் பார்ப்பது முறை. பழுப்புப் புள்ளியிட்ட 3 முதல் 5 முட்டைகள் இருக்கும். அடைக்காலம் 11–14 நாள். குஞ்சுகள் ஏறத்தாழ இரு வாரத்தில் வெளியேறும். பொரித்த 12ஆம் நாளுக்குப் பின் பெட்டியைத் திறந்தால் அவை முன்கூட்டியே குதித்துவிடும்.

வட அமெரிக்காவில் நீலப்பறவைக்கு வைக்கும் பெட்டிகளை ஆக்கிரமிப்பதும் இதே சிட்டுக்குருவிதான். அங்கே அது 1850களில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டது. வெளியிலிருந்து வந்த பறவை என்பதால், இங்கே போலன்றி, அங்கே அதன் கூட்டைக் கலைப்பார்கள்.

நாசிக்கின் நேச்சர் ஃபாரெவர் சொசைட்டி முன்னெடுத்த உலகச் சிட்டுக்குருவி நாள் 2010 முதல் மார்ச் 20 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. கூடுகட்டல் பதிவுகளை இ-பேர்ட் தளத்தில் இனப்பெருக்கக் குறியீட்டுடன் சேர்க்கலாம்.