கொழுந்து மலையும் கணிதத் துறையும்

1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வணிகர், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலை பயிரிட நிலம் எடுத்தார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். இன்று மலேசியாவின் மளிகைக் கடைகளிலெல்லாம் கிடைக்கும் ‘போ’ தேயிலையின் தொடக்கம் அதுதான். நாற்று நட்டு, களை எடுத்து, கொழுந்து பறித்து அந்தக் காட்டுச் சரிவுகளைத் தேயிலை மலையாக்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள்.

அதே 1929இல், சிகாகோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம் என்ற 26 வயது இளைஞர், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எண்களைப் பற்றிய ஊகம் ஒன்று அதில் இருந்தது. அதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. ரஸ்ஸலுக்கு ஓப்பன்ஹைமைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் 1931இல் அந்த இளைஞர் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். தாப்பாவிலிருந்து மலையேறும் சடக்கு கேமரன் மலையின் தானா ராத்தாவை எட்டியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். மலாயாவில் உயர்கணிதத்தின் கதையும் கேமரன் மலைத் தேயிலையின் கதையும் ஒரே வயதுடையவை. இரண்டிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஒன்றில் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். மற்றதில் பேசுவதே இல்லை.

ஓப்பன்ஹைமின் கேள்வியைப் புரிந்துகொள்ள வர்க்கமும் வர்க்கமூலமும் தெரிந்தால் போதும். மூன்று முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, மூன்றாவதின் வர்க்கத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிக் கழியுங்கள். விடையைச் சுழிக்கு எவ்வளவு அருகே கொண்டுவர முடியும்? 2, 3, 3 என்று வைத்தால் 13இலிருந்து ஏறத்தாழ 12.73 கழிந்து 0.27 வருகிறது. 14, 9, 14 என்று வைத்தால் சுழிக்குக் கீழே 0.19 அளவில் நிற்கிறது. 19, 1, 16 என்றால் இடைவெளி 0.04க்கும் குறைவு. இப்படி எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் அந்த நெருக்கத்தைத் தரும் முழு எண்கள் இருக்குமா? இருக்கும் என்பதே ஊகம். ஓப்பன்ஹைம் முதலில் இதை ஐந்து மாறிகளுக்கும் அதற்கு மேலும் சொன்னார்; பிறகு மூன்று மாறிகளே போதும் என்று அது வலுவாக்கப்பட்டது. இரண்டே மாறிகள் என்றால் பொய்த்துவிடும். பள்ளிப் பிள்ளை கணிப்பொறியில் தட்டிப் பார்க்கக்கூடிய கேள்விதான், நிறுவுவதுதான் கடினம்.

புள்ளியியலுக்கும் தேயிலைக்கும் உறவு இன்னும் நேரடியானது. பலரும் அறிந்தது புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் தேநீர்க் கதை. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகளை வைத்துச் சோதிப்பது எப்படி என்று 1935இல் வந்த நூலில் அவர் விளக்கினார். நம் மக்களுக்கு அதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. அது அரிதாகவே சொல்லப்படுகிறது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஃபிஷரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதிய டி. ஈடன், பிறகு இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். தேயிலையில் உரச் சோதனை நடத்துவது எளிதல்ல. நெல்லைப் போல ஒவ்வொரு பருவமும் புதிதாக விதைக்கும் பயிரல்ல அது. ஒரே செடி பல பத்தாண்டுகள் நிற்கும். ஒரு பாத்தி இயல்பிலேயே செழிப்பாக இருக்கும், அடுத்த பாத்தி மெலிந்திருக்கும். உரம் போட்ட பாத்தியில் கொழுந்து கூடினால் அது உரத்தின் பலனா, செடியின் பழைய வளமா? இதைப் பிரித்தறிய, உரச் சோதனை தொடங்கும் முன்பே பாத்தி பாத்தியாகக் கொழுந்து நிறுக்கப்பட்டது. அந்த எடைகளை வைத்து ஈடன் 1931இல் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு, ஆய்வாளர்களுக்கான தம் புள்ளியியல் நூலின் நான்காம் பதிப்பில், உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற புது முறையை விளக்க ஃபிஷர் எடுத்துக்கொண்டது ஈடனின் பதினாறு தேயிலைப் பாத்திகளைத்தான். முந்தைய விளைச்சலைக் கணக்கில் கொண்டு பிந்தைய விளைச்சலைத் திருத்தினால் சோதனையின் பிழை எவ்வளவு குறைகிறது என்பதை அந்த எண்கள் காட்டின.

இலங்கை மலையகத்தில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். மருத்துவம் முதல் கல்வி ஆய்வு வரை இன்று எங்கும் பயன்படும் ஒரு முறை, அவர்கள் பறித்த கொழுந்தின் எடையை வைத்து உலகுக்குக் கற்றுத்தரப்பட்டது. இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. கேமரன் மலையிலும் அன்றாட வாழ்க்கை எண்ணில்தான் நடந்தது. விடியலில் பெரட்டு எனும் ஆள்கணக்கு, செக்ரோல் எனும் பதிவேட்டில் பெயர், பொழுது சாயத் தராசு. தோட்டக் கணக்கரான கிராணி எழுதும் எடைதான் கூலி. அந்தக் கணக்கை எழுதும் பேனா தொழிலாளியின் கைக்கு வரவில்லை என்பதே வேறுபாடு.

பிறகு போர் வந்தது. 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஓப்பன்ஹைம் ஜப்பானியரின் கைதியானார். சாங்கி முகாமில் கைதிகளே நடத்திய பல்கலைக்கழகத்தில் அவர் முன்னின்றார். அதன்பின் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்ட அதே சயாம் மரண ரயில் அது. கைதிகளாக இருந்த படைவீரர்களின் கணக்கு பெயர் பெயராக எழுதப்பட்டு, கல்லறைகளும் அமைந்தன. தமிழ்த் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு மதிப்பீடுகள் மட்டுமே உண்டு. கணக்கெடுப்பதும் ஒரு மரியாதைதான். அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உயிரோடு திரும்பிய ஓப்பன்ஹைம் மீண்டும் வகுப்பறைக்கு வந்தார். 1949 அக்டோபர் 8 அன்று ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமானபோது, கணிதத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1952இல் மலாயாக் கணிதக் கழகம் தொடங்கியது. அதன் முதல் தலைவரும் அவரே. கழகத்தின் ‘நாப்ளா’ என்ற இதழ் வந்தது. பின்னாளில் எண்கோட்பாட்டின் தீராத கேள்விகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற ரிச்சர்ட் கை அந்தத் துறையில் விரிவுரையாளராக இருந்தார். ஊர் ஊராகச் சுற்றிய ஹங்கேரியக் கணிதர் பால் ஏர்டிஷ் 1960இல் சிங்கப்பூருக்கு வந்தபோது ரிச்சர்ட் கையிடம் கேள்விகளை விட்டுச் சென்றார். சின்னஞ்சிறு துறைதான், ஆனால் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது.

அந்தத் துறையின் வரலாற்றில் செய்தி நிறைந்த ஓர் ஆண்டைச் சொல்லச் சொன்னால் 1959ஐச் சொல்லலாம். அவ்வாண்டு ஜனவரி 15 அன்று பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரு தன்னாட்சிப் பிரிவுகளானது. ஓப்பன்ஹைம் அப்போது துணைவேந்தர். கோலாலம்பூரில் லெம்பா பந்தாய் வளாகம் வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே கணிதப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஓர் இலங்கைத் தமிழர்: கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். அதற்கு முன் பத்தாண்டுகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான 1958ஆம் ஆண்டுக் கலவரம் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

எலியேசர் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் பால் டிராக்கின் மாணவர். மின்னணு ஒன்று முடுக்கப்படும்போது ஒளியலைகளாக ஆற்றலை இழக்கும். அந்த இழப்பையும் சேர்த்து அதன் இயக்கத்தைச் சொல்லும் சமன்பாட்டை டிராக் 1938இல் எழுதினார். ஒரு மின்னணு புரோட்டானை நோக்கி நேர்கோட்டில் விழுந்தால் என்ன ஆகும்? மோதும் என்றே யாரும் நினைப்பார்கள். டிராக்கின் சமன்பாட்டின்படி அது ஒருபோதும் மோதாது, வந்த வழியே திரும்பி ஓடிவிடும் என்று 1943இல் எலியேசர் காட்டினார். ஈர்க்கும் பொருளிடமிருந்து விலகி ஓடுவது இயற்கைக்குப் பொருந்தாத விடை. சமன்பாட்டுக்குள்ளேயே ஏதோ ஆழமான இடர் இருக்கிறது என்பதற்கு அது சான்றானது. கதிர்வீச்சு எதிர்வினை பற்றிய விவாதங்களில் அவர் பெயர் இன்றும் வருகிறது. அவர் 1968 வரை கோலாலம்பூரில் இருந்தார்; பிறகு மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதை மலேசியத் தமிழர்கள் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தனிநாயகம் அடிகளார் இருந்தார். கணிதத் துறையில் எலியேசர் இருந்தார். அடிகளாரை எல்லோரும் அறிவார்கள். எலியேசரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

கேமரன் மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணித வகுப்பு எவ்வளவு தூரம்? சடக்கின் நீளத்தில் அதை அளக்க முடியாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, பல இடங்களில் ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் அவரே. தமிழில் ஆறாண்டு முடிந்தால் அதற்குமேல் தமிழ்ப்பள்ளி கிடையாது. இடைநிலைப்பள்ளிக்குப் போக மொழி மாற வேண்டும். அதற்காகப் பின்னர் ஏற்பட்டதுதான் புதுமுக வகுப்பு. பெருக்கல் வாய்ப்பாட்டைத் தமிழில் மனப்பாடம் செய்த பிள்ளை, அதே கணக்கை வேறு மொழியில் கேட்டதும் திணறியது. திணறியவர்கள் பலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். 2003இல் தொடக்கப்பள்ளியிலேயே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. பத்தாண்டு ஆவதற்குள் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின் சுமையும் முதலில் விழுந்தது, வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத லயத்துப் பிள்ளையின் தலையில்தான்.

அதையும் தாண்டிப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் உண்டு. அவர்களை உருவாக்கியதில் தோட்டப்பள்ளி ஆசிரியர்களின் பங்கை எந்தப் பல்கலைக்கழக ஆண்டறிக்கையும் சொல்லாது.

ஓப்பன்ஹைமின் ஊகத்துக்கு விடை வந்த வழியிலும் ஒரு தமிழ்த் தொடர்பு இருக்கிறது. சென்னை விவேகானந்தா கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர் எம்.எஸ். ரகுநாதன். 1970களின் நடுவில் அவர் ஒன்றைக் கவனித்தார்: எண்களைப் பற்றிய இந்தக் கேள்வியை, ஒரு வெளியில் புள்ளிகள் நகரும் பாதைகளைப் பற்றிய கேள்வியாக மாற்றிவிடலாம். பாதைகள் எங்கெங்கு சென்று அடர்கின்றன என்பது தெரிந்தால் ஊகம் தானாகவே நிறுவப்பட்டுவிடும். அதே நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.ஜி. தானி 1981இல் அந்தக் கருத்தை அச்சில் பதிவு செய்தார். அந்த வழியில் சென்று 1980களின் பின்பாதியில் ஊகத்தை முழுமையாக நிறுவினார் ரஷ்யக் கணிதர் கிரிகோரி மார்குலிஸ். ஓப்பன்ஹைம் 1997 வரை வாழ்ந்தார். இளமையில் கேட்ட கேள்விக்கு முதுமையில் பதிலைக் காணும் பேறு எல்லாக் கணிதர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இன்று கேமரன் மலையில் கையால் கொழுந்து பறிப்பது குறைந்துவிட்டது. கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிரையில் நிற்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல, நகரங்களுக்கு இறங்கிவிட்டன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே கணிதம் நடத்தும் ஆசிரியர்கள் ஈடனின் பதினாறு பாத்திகளையும், எலியேசரின் மின்னணுவையும், 19, 1, 16 என்ற எண்களையும் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு வேலை அதைவிட அவசரமானது. 1960களில் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகக் கணித வகுப்புக்குப் போன முதல் தலைமுறையினர் இப்போது எண்பது வயதை ஒட்டி இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், எந்த ஆசிரியர், எந்த ஆண்டு என்று அவர்கள் வாய்மொழியை மலேசியத் தமிழ் அமைப்புகள் இப்போதே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.