புழற்கோட்டமும் குடவோலையும்

மக்களாட்சி என்று கரும்பலகையில் எழுதிய மறுகணமே மாணவர் வாயிலிருந்து வந்து விழும் சொல் குடவோலை. பள்ளிப் பாடநூல் செய்த வேலை அது. பழுதில்லை. ஆனால் உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளை முழுமையாகப் படித்துக் காட்டினால் வகுப்பின் முகமே மாறிவிடுகிறது.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது (இன்றைய வார்டு எனக் கொள்க). குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். தேர்ந்தோர் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றில் 360 நாள் பணி செய்தனர். இதுவரை யாவரும் அறிந்ததே. தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். உழுகுடிகளும் பெண்டிரும் அந்தக் குடத்தின் அருகே வரவே இயலாது. அதேவேளை, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அந்தக் கடுமை இன்றிருந்தால்... வேண்டாம், விட்டுவிடுவோம்!

என்னைக் கவர்வது வேறொன்று. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 வரை என்கிறது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலோ அது 35 முதல் 70 வரை என்றாகிவிடுகிறது. தான் வகுத்த விதியை அச்சபை இரண்டே ஆண்டுகளில், அரசனின் அதிகாரி உடனிருக்க, திருத்திக்கொண்டது. சட்டத் திருத்தம் என்பதை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

உத்திரமேரூர் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. அதனைப் போலவே தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுதான் நம் புழற்கோட்டம். திருவொற்றியூர் இக்கோட்டத்து ஊரே. இன்று புழல் என்றதும் ஏரிக்கு அடுத்து நினைவுக்கு வருவது, 2006-இல் திறக்கப்பட்ட மத்திய சிறை. யாருடைய ஓலை குடத்துக்குள் போகும் என்ற பழைய கேள்வியை, அந்த மதில்களைக் கண்டு வளரும் மாணவரிடம் கேட்பதே பொருத்தம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 62(5) பிரிவின்படி சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது. தடுப்புக் காவலில் உள்ளவர்க்கு மட்டுமே விலக்கு. தண்டனை பெற்றவர், விசாரணைக் கைதி என்ற வேறுபாட்டை அப்பிரிவு பார்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். ஜாமீனில் வெளிவந்தவர் வாக்குச்சாவடிக்குச் செல்லலாம். ஜாமீன் ஆணை கிடைத்தும் பிணைதர ஆளில்லாதவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். கால் வேலி நிலம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உச்ச நீதிமன்றம் 1997-இல் இப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இதன் தொடர்ச்சி இன்னும் விந்தை. வாக்களிக்க இயலாதவர் போட்டியிடவும் இயலாது என்று 2013 ஜூலை 10 அன்று அதே நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றம் அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தியது. காவலில் இருப்பதால் ஒருவர் வாக்காளர் என்னும் நிலையை இழப்பதில்லை, ஆகவே போட்டியிடலாம்! வாக்களிக்கும் தடையோ தொட்டுப் பார்க்கப்படாமலே நின்றது. 2024 மக்களவைத் தேர்தலில் ஷேக் அப்துல் ரஷீத் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே பாரமுல்லா தொகுதியில் வென்றார். அவருடன் அங்கிருந்த மற்ற விசாரணைக் கைதிகளுக்கு அத்தேர்தலில் வாக்கு இல்லை.