ஒருக்கா இருந்துட்டா?

எங்கள் அப்புச்சி ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். திராவிடர் கழகம். கருப்புச் சட்டையைக் கூட்டத்துக்கென்று தனியாக மடித்து வைக்கிற ஆள் இல்லை, தோட்டத்தில் மடை திருப்பப் போகும்போதும் அதேதான். ஆனால் வருஷா வருஷம் குலசாமிக்குப் பொங்கல் வைக்க அம்மாயி கிளம்பினால், பானையையும் விறகையும் வண்டியில் ஏற்றி, மாட்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். கோயில் எல்லைக்கு வெளியே ஒரு புளியமரம். அங்கே வண்டியை அவிழ்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். உள்ளே பொங்கல் பொங்கும், கிடா விழும், பூசாரி அருள் வந்து ஆடுவார். சோறும் கறியும் மரத்தடிக்கே வந்து சேரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வண்டியைப் பூட்டுவார்.

ஒரு வருஷம் அம்மாயி கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். "ஏனுங்க, உள்ள வந்து ஒரு கும்புடு போட்டாக் கையா முறிஞ்சு போயிரும்? இல்லாத சாமின்னுதான் சொல்றீங்க. இல்லாத சாமியக் கும்புட்டா என்னங்க நட்டம்? ஒருக்கா இருந்துட்டா?"

அப்புச்சி இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இருந்துட்டா அதுக்கே தெரியுமில்ல, நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கறன்னு."

அம்மாயிக்குப் பாஸ்கலைத் தெரியாது. பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கல் (1623–1662) இதே கேள்வியைத்தான் கேட்டார். சூதாட்டம் பாதியில் நின்றுபோனால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் ஃபெர்மாவுக்குக் கடிதம் எழுதி, நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர். அதே வருஷம் நவம்பரில் ஓர் இரவு அவருக்கு ஒரு பெரிய சமய அனுபவம் வாய்த்தது. அதை எழுதிய தாளைச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டே வாழ்ந்தார். சூதும் பக்தியும் சேர்ந்த இடம்தான் அவருடைய புகழ்பெற்ற பந்தயம். அவர் இறந்தபின் 1670இல் வெளிவந்த 'சிந்தனைகள்' நூலில் அது இருக்கிறது. கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் முடிவுசெய்ய முடியாது, ஆனாலும் ஏதாவது ஒரு பக்கம் கட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார். உண்டு என்று கட்டி ஜெயித்தால் அளவில்லாத லாபம், தோற்றால் பெரிதாக ஒன்றும் போகாது. அப்புறம் என்ன யோசனை?

இந்தியாவில் இந்தப் பந்தயம் இன்னும் பழையது. மறுவுலகம் இல்லையென்றால் நம்பியவனுக்கு நட்டமில்லை, இருந்துவிட்டால் நாத்திகன் தொலைந்தான் என்கிற பொருளில் சமஸ்கிருதத்தில் ஒரு வழக்கே உண்டு. பாலி மொழியில் மஜ்ஜிம நிகாயத்தின் அறுபதாவது சூத்திரமான அபண்ணக சூத்திரத்தில் புத்தர் சாலா என்ற ஊர் பிராமணர்களிடம் ஏறக்குறைய இதைத்தான் பேசுகிறார். ஆனால் அவர் கட்டச் சொல்வது வேறு. மறுபிறப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காக நடந்துகொள், அது இல்லாமலே போனாலும் இந்தப் பிறவியில் நல்லவன் என்ற பெயராவது மிஞ்சும் என்கிறார். நடத்தையைக் கேட்கிறார், கும்பிடு கேட்கவில்லை. எனக்கு இது பாஸ்கலைவிட யோக்கியமான பந்தயமாகப் படுகிறது.

பாஸ்கலின் கணக்கில் உள்ள ஓட்டையை 18ஆம் நூற்றாண்டிலேயே திதரோ சொல்லிவிட்டார்: இதே வாதத்தை ஓர் இமாமும் பேசலாமே என்று. எந்தக் கடவுள்மேல் கட்டுவது? பாரிஸில் அது அறிவாளிகளின் கேள்வி. சேலம், நாமக்கல் சமவெளியில் அன்றாடப் பிழைப்பு. கூட்டத்துக்கு ஒரு குலசாமி, எல்லையில் கருப்பண்ணன், சேலத்தில் கோட்டை மாரியம்மன், நாமக்கல்லில் பதினெட்டடி ஆஞ்சநேயர், திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக ஒருவர். இது போதாதென்று வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொள்வார்கள். ஏனென்றால் இங்கே ஒரு சாமியைக் கும்பிட்டால் இன்னொரு சாமிக்குக் கோபம் வராது. விட்டுவிட்டால்தான் வரும். பாஸ்கலின் கடவுள் நம்பினாயா என்று கேட்பார். எங்கள் குலசாமி வந்தாயா என்றுதான் கேட்கும். மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பூசாரியும் பார்ப்பதில்லை, சாமியும் பார்ப்பதில்லை. தலைக்கட்டு வரி கொடுத்தாயா, பொங்கல் வைத்தாயா, அவ்வளவுதான்.

அதனால் நாத்திகன் முன்காப்பாக ஒரு கும்பிடு போட்டு வைப்பது இங்கே ரொம்ப மலிவு. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலிருந்து புது வண்டி வெளியே வரும்போது சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வருவார்கள். சாமி இல்லை என்று வாய் ஓயாமல் பேசுகிற ஒரு லாரி முதலாளியிடம், நீங்களும் பழம் வைக்கிறீர்களே என்று கேட்டேன். "வெக்கலீன்னா டிரைவர் வண்டிய எடுக்க மாட்டானுங்க. சாமிக்கு வெக்கலைங்க, டிரைவருக்கு வெக்கறேன்" என்றார். இன்சூரன்ஸ் பிரீமியத்தோடு பார்த்தால் பழம் சும்மா.

இந்தச் சமவெளியில்தான், முன்காப்பு எதுவும் வேண்டாம் என்று ஓர் இயக்கம் எழுந்து நின்றது. 1944 ஆகஸ்ட் 27, சேலம். நீதிக்கட்சி மாநாட்டில் அதன் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. எல்லோரும் பெயர் மாற்றத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதே மாநாட்டில் அண்ணாதுரை பெயரால் வந்த தீர்மானம்: வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ்பகதூர் பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் விட்டுவிட வேண்டும். கட்சியிலும் இருப்போம், பட்டத்தையும் வைத்துக்கொள்வோம் என்றிருந்த பெரிய மனிதர்களுக்கு அது கசந்தது. பலர் ஒதுங்கினார்கள். இரண்டு பக்கமும் கட்டுகிறவர்களை வடிகட்டி எடுத்த மாநாடு அது.

ஒன்பது வருஷம் கழித்து, 1953 மே மாதம் புத்தர் பிறந்தநாளில், திருச்சியில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. கீழ்க்கோர்ட்டுகள், அது வெறும் மண் பொம்மைதானே, கோயில் சிலை இல்லையே என்றன. கிட்டத்தட்ட நாத்திகரின் வாதம்! உச்ச நீதிமன்றம் 1958இல், ஒரு சாரார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்றது. ஆனால் இவ்வளவு காலம் ஆகிவிட்டது, மேலே விசாரிக்க வேண்டாம் என்று விட்டது. நீதிமன்றமும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கட்டியது என்றுதான் எனக்குத் தோன்றும். அதற்குள் 1949இலேயே பிரிந்து போயிருந்த அண்ணா, பிள்ளையாரை உடைக்கவும் மாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டோம் என்கிற நிலைக்கு வந்திருந்தார். ஒருவனே தேவன் என்ற திருமூலர் வாக்கைக் கட்சியின் வாக்காக்கினார். ஓட்டுக் கேட்கப் போகிறவனுக்கு அதைவிட்டால் வழியில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் மஞ்சள் பூசி நிற்கிற பெண்ணிடம் போய் உன் சாமி பொய் என்று சொல்லிவிட்டுக் கையோடு ஓட்டும் கேட்க முடியாது.

முடியாது என்றுதான் 1971 வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த ஜனவரி 23, 24 தேதிகளில் சேலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு. ஊர்வலத்துக்கு எதிராக ஜனசங்கத்தார் கருப்புக்கொடி காட்டினார்கள். பெரியாரைக் குறிவைத்து ஒரு செருப்பு பறந்து வந்ததென்றும், அதை எடுத்துத்தான் ராமர் படத்தை அடித்தார்கள் என்றும் கழகத்தார் சொல்வார்கள். அந்த ஊர்வலத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது 2020 ஜனவரியில் ரஜினிகாந்த் பேசியபோதும் ஒருமுறை சந்திக்கு வந்தது. அதை விடுங்கள். எனக்கு வேண்டியது பின்னால் நடந்தது. மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல். காமராஜரும், ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் ஓரணியாக நின்றார்கள். ராமரைச் செருப்பால் அடித்தவர்களின் ஆட்களுக்கா ஓட்டு என்று ஊர் ஊராகச் சுவரொட்டி. முடிவு வந்தபோது திமுகவுக்கு 234இல் 184 இடம். முந்தைய தேர்தலைவிட அதிகம். இந்திரா காந்தியின் கூட்டும் அந்த அலையும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் சாமி குற்றம் வந்துவிடும் என்று பயந்து யாரும் ஓட்டை மாற்றியதாகத் தெரியவில்லை. அம்மாயிகூட உதயசூரியனுக்குத்தான் போட்டாள். "சாமி வேற, ஓட்டு வேற கண்ணு" என்பாள். கும்பிடுகிறவர்களும் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்கள் மேடையில் பண்ணிய காரியம். பந்தயத்தின் உண்மையான விலை வீட்டுக்குள் இருந்தது. புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. செல்லாது என்றால் அந்த மனைவி சட்டப்படி மனைவி இல்லை, பிள்ளைகளின் சொத்துரிமை அந்தரத்தில். அண்ணா முதலமைச்சரானபின் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்த்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, பழைய திருமணங்களும் சேர்த்துச் செல்லுபடியாகும் வரை இந்த நிலைமைதான். கொள்கைக்காக எதையும் இழப்பேன் என்று ஒருவன் சொல்லலாம். இழக்கப்போவது அவன் மனைவியின் காணியும் பிள்ளையின் தகப்பன் பெயரும் என்றால்?

எங்கள் பெரியம்மா கல்யாணம் அந்த இடைக்காலத்தில் நடந்தது. விடியற்காலம் நாலு மணிக்கு மாரியம்மன் கோயிலில் ஐயரை வைத்துத் தாலி. பத்து மணிக்குப் பந்தலில் கழகத் தலைவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றி உறுதிமொழி. நாலு மணிக் கல்யாணத்துக்கு அப்புச்சி போகவில்லை. ஆனால் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி பூட்டிக் கொடுத்தார். மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று கட்சிக்காரர்களே பின்னால் குத்திக்காட்டுவார்களாம். அவர் முன்காப்புக் கட்டினார் என்பது உண்மைதான். கட்டியது கடவுளுக்கு எதிராக இல்லை, கோர்ட்டுக்கு எதிராக.

பெரியார் பொதுமேடைகளில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதிலும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். எழுந்தது பாட்டிலிருக்கும் கடவுளுக்காக இல்லை, எழுந்து நிற்கும் மனிதர்களுக்காக. கடவுள் நேரில் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாராம். பந்தயத்துக்கு இவ்வளவு நேரான பதிலை நான் வேறெங்கும் படித்ததில்லை. வரட்டும், வந்தால் ஒத்துக்கொள்கிறேன், அதற்குமுன் ஒத்துக்கொண்ட மாதிரி நடிக்க மாட்டேன்.

ஆனால் பாஸ்கல் சாமானியப்பட்ட ஆள் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லையே, நான் என்ன செய்ய என்று கேட்பவனுக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். நம்புகிறவர்கள் செய்வதைச் செய், தீர்த்தம் எடு, பூசைக்குப் போ, நம்பிக்கை தானாக வரும். பழக்கம் மனசை வளைத்துவிடும் என்பது அவர் கணிப்பு. அப்புச்சியிடம் அது பலிக்கவில்லை. ஐம்பது வருஷம் குலசாமி கோயிலுக்கு வண்டி ஓட்டியும் புளியமரத்தைத் தாண்டவில்லை. பலித்தது மாமன்களிடம். வண்டியில் அப்பனோடு வந்து, அம்மாவோடு உள்ளே போன பிள்ளைகள் அவர்கள். அப்பன் ஏன் மரத்தடியில் நிற்கிறார் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே மணி அடித்தது, பொங்கல் பொங்கியது, கையில் கயிறு கட்டினார்கள். மூத்த மாமன் இப்போது வருஷம் தவறாமல் சபரிமலை. சின்ன மாமன் வீட்டில் பிரதோஷம். கும்பிட்டால் என்ன நட்டம் என்ற கேள்விக்கு இது ஒரு பதில் என்று நினைக்கிறேன். நட்டம் உண்டு, ஆனால் கும்பிட்டவனுக்கு இல்லை. விட்டுக்கொடுத்தவனின் கொள்கை அவனோடு முடிந்துபோகிறது. அப்புச்சியின் கருப்புச் சட்டை எங்கள் வீட்டில் யாருக்கும் பொருந்தவில்லை.

அதற்காக அவர் அம்மாயியோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டுமா? அப்படி நின்ற தோழர்களின் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பூசை அலமாரியைத் தெருவில் எறிந்தவர் ஒருவர் உண்டு. அந்த வீட்டிலும் பிள்ளைகள் கோயிலுக்குத்தான் போகிறார்கள், இன்னும் வேகமாக.

அப்புச்சி இறந்தபோது, சடங்கு எதுவும் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். பெரியாருக்கு 1973 டிசம்பரில் ஒரு சடங்கும் இல்லாமல் அடக்கம் நடந்தது என்றால், சுற்றி நிற்க ஓர் இயக்கமே இருந்தது. கிராமத்தில் செத்த கருப்புச் சட்டைக்காரரைச் சுற்றி நிற்பவர்கள் பங்காளிகள். நீர்மாலை எடுக்கணும், மொட்டை போடணும், இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும் என்று ஆரம்பித்தார்கள். மூத்த மாமன் மெல்ல, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அம்மாயிதான் எழுந்து வந்தாள். "உசுரோட இருந்தப்ப உள்ள வராத மனுசன இப்பக் கட்டி இழுக்காதீங்க. நான் வேணும்னா எனக்குக் கும்புட்டுக்கறேன்." அதோடு பேச்சு நின்றது. கருப்புச் சட்டையோடு கொண்டுபோய் எரித்தார்கள். கருமாதி இல்லை.

பல வருஷம் கழித்துச் சின்ன மாமன் என்னிடம் சொன்னார். நாலாம் நாள் சாம்பலைப் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்தார்களாம், அண்ணனும் தம்பியும் மட்டும், யாருக்கும் சொல்லாமல். அம்மாயிக்குத் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பஸ்ஸுக்குக் காசு குடுத்ததே அவங்கதான்" என்றார்.