சட்டைக் கையை இழுத்தவள்

என் பெரியப்பாவுக்கு அறுபது வயதுக்கு மேல் காது அடியோடு கேட்காமல் போய்விட்டது. அவருக்கென்று வீட்டில் ஒரு சிலேட்டு உண்டு. சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவோம். அவர் வாயால் பதில் சொல்வார், தெருக்கோடிவரை கேட்கும்படி. வைத்தியர் சொன்னது, நிலத்துக்கு விலை பேசியது, அவருடைய பிள்ளை கடன் வாங்கியது எல்லாவற்றையும் அவரை நடுவில் வைத்துக்கொண்டே பேசுவோம். சிலேட்டில் மட்டும் 'எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதுவோம். ஒரு நாள் அவர் சிலேட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, "ஏண்டா, நீங்க சிரிச்சதுக்கும் இதுல எழுதினதுக்கும் சம்பந்தமே இல்லையே?" என்று கேட்டார். அதற்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

வியன்னா நகரத்தில் பீத்தோவன் என்ற சங்கீத மேதை 1818-ஆம் ஆண்டு முதல் சிலேட்டுக்குப் பதிலாக நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் அதில் எழுதினார்கள். அவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொன்னார். அந்த நோட்டுகளில் நூற்று முப்பதுக்கு மேல் இன்றைக்கும் இருக்கின்றன. ஆகவே உலகத்துக்குக் கிடைத்திருப்பது ஒரு மனிதரிடம் பிறர் சொன்னது. அவர் சொன்னதில் மிகுதியும் காற்றோடு போயிற்று. டெலிபோனில் ஒருவர் பேசுவதை இந்தப் பக்கத்திலிருந்து கேட்டு, எதிர்முனையை ஊகித்துக்கொள்கிறோமே, அந்த மாதிரிதான். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட ருசியான வாசிப்பு கிடையாது.

அந்த நோட்டுகளில் என்னைப் பிடித்து நிறுத்திய காலம் 1824-ஆம் வருஷத்து வசந்தம். மே மாதம் 7-ந் தேதி வெள்ளிக்கிழமை மாலை, கெர்ண்ட்னர் வாசல் நாடகசாலையில் அவருடைய ஒன்பதாவது ஸிம்பனி அரங்கேறியது. பெரிய வாத்தியக் கோஷ்டி, பாடகர் கோஷ்டி, தனியாகப் பாட நான்கு பேர். முடிவில் சபை ஆரவாரம் செய்கிறது. பீத்தோவனோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பாட வந்த இளம்பெண் ஒருத்தி அவரைப் பிடித்துச் சபையின் பக்கம் திருப்புகிறாள். அப்போதுதான் அவர் கைகள் தட்டப்படுவதைக் காண்கிறார்.

காட்சி வாசகர்களில் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு முதலில் இதில் நம்பிக்கை வரவில்லை. இப்படி ஒரு கட்டத்தை நான் எழுதிக்கொண்டு போயிருந்தால், 'கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே ஸார்' என்று பத்திரிகாசிரியரே திருப்பித் தந்திருப்பார். ஆகவே சாட்சிகள் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

அதற்கு முன் கச்சேரி ஏற்பாடானதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நாளில் வியன்னாவுக்கு ரொஸீனி பைத்தியம் பிடித்திருந்தது. இத்தாலியப் பாட்டுக்குத்தான் கூட்டம். பீத்தோவன் தம் சொந்தக் கச்சேரி என்று வைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. புதிய ஸிம்பனிக்கு லண்டன் பில்ஹார்மானிக் சங்கம் ஐம்பது பவுன் தர ஒப்புக்கொண்டிருந்தது. முதல் கச்சேரியைப் பெர்லினில் வைத்துக்கொள்ளலாமா என்றும் அவர் யோசித்தார். செய்தி பரவியதும் ஊரில் முப்பது பேர் கூடிக் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள்: எங்கள் ஊரிலேயே நடக்க வேண்டும் என்று. விண்ணப்பம் பத்திரிகையில் வந்தவுடன், கிழவரே சொல்லி எழுத வைத்தார் என்று சிலர் பேசினார்கள். ஊர் என்றால் எங்கும் ஒன்றுதான்.

அவர் சம்மதித்தார், பிறகு தயங்கினார், எந்த மண்டபம், என்ன கட்டணம் என்று நாளுக்கொன்று சொன்னார். பொறுக்க முடியாத மூன்று நண்பர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பிரபு லிஹ்னோவ்ஸ்கி, வயலின் வித்துவான் ஷுப்பான்சிக், காரியதரிசி மாதிரி கூடவே இருந்த ஷிண்ட்லர் - இந்த மூவரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் அவர் வீட்டில் கூடி, பேச்சோடு பேச்சாக நிபந்தனைகளை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பிற்பாடு அவருக்குச் சூது புரிந்துவிட்டது. மூவருக்கும் தனித்தனியாக மூன்று சீட்டுகள் பறந்தன. இனி என் வீட்டு வாசல் மிதிக்காதே, கச்சேரி கிடையாது என்பது சாரம். என் பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. காது போனவரை ஏமாற்றுவது சுலபம்; ஏமாற்றியது அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

எப்படியோ சமாதானமாகி விளம்பரமும் ஒட்டியாயிற்று. அதில் இரண்டு பூசிமெழுகல்கள் இருந்தன. புனித ஆராதனைக்குரிய சங்கீதத்தை நாடகசாலையில் பாடக்கூடாது என்பது தணிக்கைச் சட்டம். பீத்தோவனோ தாம் இயற்றிய பெரிய 'மாஸ்' வழிபாட்டு இசையிலிருந்து மூன்று பகுதிகளைப் பாட வைக்க விரும்பினார். ஆகையால் அவற்றுக்கு 'மூன்று பெரிய கீதங்கள்' என்று பெயர் சூட்டினார்கள். இரண்டாவது, கச்சேரி முழுவதையும் நடத்துவதில் பீத்தோவன் அவர்களே பங்குகொள்வார் என்ற வாசகம். 'நடத்துவார்' என்று இல்லை, 'பங்குகொள்வார்'. அந்த ஒரு சொல்லை எழுத எத்தனை பேர் எத்தனை மணி நேரம் யோசித்தார்களோ! ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, 1822-இல், தம் நாடகமான 'ஃபிடெலியோ'வின் ஒத்திகையை அவரே நடத்தப் போய், மேடையில் பாடுகிறவர்கள் ஒரு பக்கம், வாத்தியங்கள் ஒரு பக்கம் என்று சிதறி, கடைசியில் அவர் வீட்டுக்கு ஓடும்படி ஆயிற்று. மறுபடியும் அதைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. ஆனால் அவரிடம் சொல்லவும் தைரியமில்லை.

ஸிம்பனி கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கச்சேரியில் வயலின் பாடகரை ஒட்டி வரும். ஒருவர் கற்பனைக்கு மற்றவர் நிழல். இதில் அப்படியில்லை. ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் தனித்தனிக் காகிதம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஸ்வரம். அத்தனையும் ஒரே கணத்தில் சேர்ந்து விழ, எதிரே நின்று காலம் காட்டுகிறவர் ஒருவர் வேண்டும். ஒன்பதாவது ஸிம்பனியில் நான்கு பகுதிகள். முதல் மூன்றில் வாத்தியம் மட்டுமே. நாலாவதில்தான் மனிதக் குரல் எழும்புகிறது. வார்த்தைகள், ஷில்லர் என்ற கவிஞர் 1785-இல் ஆனந்தத்தைக் குறித்துப் பாடியவை. ஸிம்பனியில் பாட்டு கலப்பது அப்போது கேள்விப்படாத துணிச்சல். முழு ஒத்திகை என்று நடந்தது இரண்டே இரண்டு.

பாடகர்கள் பாடு திண்டாட்டம். கனத்த குரலில் பாட ஏற்பாடானவர் கடைசி நேரத்தில் முடியாதென்று விலக, ஸைபெல்ட் என்பவரைப் பிடித்தார்கள். கோஷ்டியில் உச்ச ஸ்தாயிப் பெண்கள் மூச்சு முட்டிப் போனார்கள். தனிப் பாடகிகள் இருவர்: ஹென்ரியெட் ஸொன்டாக், பதினெட்டு வயது, கரோலின் உங்கர், இருபது வயது. இருவரும் அழகிகள், கிழவருக்கு அவர்களிடம் பிரியம். அந்தப் பிரியத்தால் ஒரு ஸ்வரம்கூடக் குறையவில்லை. உயரத்தைக் கொஞ்சம் இறக்கித் தரும்படி கெஞ்சினார்கள்; முடியாது என்றார். கரோலின் கோபத்தில், குரல் படைத்தவர்களுக்கெல்லாம் நீர் ஒரு கொடுங்கோலர் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். கோஷ்டிப் பெண்கள் அப்படிச் சண்டை போடவில்லை. எட்டாத ஸ்வரம் வந்தபோது வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்குத்தான் கேட்காதே!

கச்சேரி மாலை ஏழு மணிக்கு. ராஜ குடும்பத்தின் மாடம் காலி. ஆனால் ஸ்மெஸ்கல் என்ற பழைய சிநேகிதர், கீல்வாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர், தம்மை நாற்காலிப் பல்லக்கில் தூக்கிவரச் செய்தார். இந்த ஒரு பல்லக்குக்காகவே நான் அந்த முழு ராஜ மாடத்தையும் மன்னித்துவிடுவேன்.

பீத்தோவன் என்ன உடுத்தியிருந்தார்? ஷிண்ட்லரின் கையெழுத்தில் நோட்டிலே இருக்கிறது: உம்மிடம் கறுப்புக் கோட்டு இல்லை, பச்சைக் கோட்டே போதும், இருட்டில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காலம் காட்டியவர் மிஹாயில் உம்லாஃப். அவர் வாத்தியக்காரர்களிடமும் பாடகர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: பீத்தோவன் கையை ஆட்டுவதை யாரும் பார்க்க வேண்டாம், எல்லோரும் என்னையே பாருங்கள். அவர் பக்கத்தில் பீத்தோவன் நின்றார். வயலின் வாசித்த யோசெஃப் பேம் பிற்பாடு சொன்னது இருக்கிறது. அவர் நிமிர்ந்தாராம், தரையோடு குனிந்தாராம். எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்து, கோஷ்டி முழுவதையும் தாமே பாடிவிடுகிறவர்போல் கைகால்களை வீசினாராம். அத்தனை பேரும் அவரைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு வாசித்தார்கள். எல்லோரும் அவர்மேல் உயிரை வைத்திருந்தவர்கள். அதுதான் சங்கடம். அன்பில்லாதவர்கள் இவ்வளவு கச்சிதமாக நடிக்க முடியாது.

இனி சாட்சிகள். முதல் சாட்சி ஷிண்ட்லர். 1840-இல் பீத்தோவன் சரித்திரம் எழுதியவர். திரும்பிய காட்சியை உலகத்துக்குப் பரப்பியதில் பெரும்பங்கு அவருடையது. நோட்டுகளைப் பெர்லின் அரசாங்க நூலகத்துக்கு விற்றவரும் அவரே. அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேலான பிறகு, 1977-இல், ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். நோட்டுகளில் பீத்தோவனின் மரணத்துக்குப் பிறகு, காலியாக இருந்த இடங்களில், ஷிண்ட்லர் தாமாகவே நூற்றுக்கும் மேற்பட்ட பேச்சுகளை எழுதிச் சேர்த்திருக்கிறார்! செத்துப்போன மனிதரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். தாம் எவ்வளவு நெருக்கமானவர் என்று காட்ட ஆசை. பொய்ச் சாட்சிதான், ஆனாலும் ராத்திரி விளக்கடியில் அந்த வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டிருந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கோபம் முழுசாக வரவில்லை. என் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுத் தொழில் அது.

இரண்டாவது சாட்சி பியானோ மேதை தால்பெர்க். கச்சேரியின்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. 1860-இல், பீத்தோவன் வரலாற்றுக்குத் தகவல் சேர்த்த அமெரிக்கரான தேயரிடம் சொன்னார். அவர் கணக்குப்படி, பீத்தோவன் போட்டிருந்தது கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துத் துணி, பட்டுக் காலுறை, கொக்கி வைத்த பூட்ஸ். பச்சை எங்கே போயிற்று? காட்சியும் மாறுகிறது: அது முடிவில் நடக்கவில்லை, இரண்டாம் பகுதி முடிந்ததும் நடந்தது. சபை ஆர்ப்பரிக்கிறது, பீத்தோவன் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார், கரோலின் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, ஜனங்களைச் சுட்டிக்காட்டுகிறாள், அவர் திரும்பி வணங்குகிறார்.

மூன்றாவது சாட்சி கரோலினே. 1869-இல் லண்டனில், சங்கீத அகராதி தொகுத்த ஜார்ஜ் குரோவிடம் சொன்னாள். அப்போது அவளுக்கு அறுபத்தைந்து வயது. எல்லாம் முடிந்த பிறகும் அவர் முதுகு காட்டி நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் அவரைத் திரும்ப வைத்தேன் என்கிறாள்.

செய்தவளே சொல்லும்போது வேறென்ன வேண்டும் என்பீர்கள். ஆனாலும் நான் பையன் கட்சி. பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அந்தச் சட்டைக் கை என்னை விடமாட்டேன் என்கிறது. காது கேளாதவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைப் பிடித்துத் திருப்ப மாட்டார்கள், அவர் பதறிப்போவார். சட்டைக் கையை இழுப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பையன் இதைக் கற்பித்துச் சொல்ல மாட்டான். இரண்டாம் பகுதியில் பேரிகை திடும் திடுமென்று தனியாகக் குறுக்கே பாயும் இடங்கள் உண்டு. சபை அங்கேதான் கட்டுக்கடங்காமல் போயிருக்கும். இடையில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, இரண்டும் நடந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம்.

எங்கே நடந்தாலும், இழுத்தவள் கரோலின் என்பதில் மட்டும் சாட்சிகளுக்குள் தகராறு இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தந்திரம் செய்து கையெழுத்து வாங்கியவர்கள், விளம்பரத்தைப் பூசிமெழுகியவர்கள், பார்க்காதே என்று உத்தரவிட்ட உம்லாஃப், வாயை மூடிக்கொண்ட பெண்கள் - யாருக்கும் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே சண்டை போட்ட பெண்ணுக்குத்தான், அவரிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வசூல் 2,220 குல்டன். நாடகசாலைக்கு 1,000, ஸ்வரப் பிரதி எடுத்த கூலி 800. மிச்சம் 420. கட்டணத்தை உயர்த்த அனுமதி கிடைக்கவில்லை. பீத்தோவன் இடிந்து போனார். சில நாள் கழித்துப் பிராட்டர் பூங்காவில் நண்பர்களுக்கு விருந்து வைத்து, நடுவிலே ஷிண்ட்லரைப் பார்த்து, நீ என்னை மோசம் செய்துவிட்டாய் என்றார். கணக்கைத் தம்பி மகனே சரிபார்த்தான் என்று மற்றவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அந்த விஷயத்தில் ஷிண்ட்லர் நிரபராதி என்றே தோன்றுகிறது. ஆனால் தம்மைச் சுற்றி எதையோ மறைக்கிறார்கள் என்று கிழவருக்கு மோப்பம் பிடித்திருந்தது. எதை என்பதுதான் பிடிபடவில்லை. பணம் என்று நினைத்துவிட்டார்.

மே 23-ந் தேதி ஞாயிறு நடுப்பகலில் மறுபடி ஒரு கச்சேரி. கூட்டத்துக்காக ரொஸீனி பாட்டு ஒன்றையும் இடையில் செருகினார்கள். நல்ல வெயில், ஜனங்கள் ஊருக்கு வெளியே உலாவப் போய்விட்டார்கள். பாதி மண்டபம் காலி. காலி நாற்காலிகளை யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை, அவரே பார்த்திருப்பார்.

ஸொன்டாக் 1854-இல் மெக்ஸிகோவில் காலராவில் இறந்தாள். கரோலின் இத்தாலியில் புகழடைந்து, மேடையை விட்டு, நெடுங்காலம் வாழ்ந்தாள். அவள் லண்டனில் அந்தக் கதையைச் சொன்ன வருஷம் கெர்ண்ட்னர் வாசல் நாடகசாலை இன்னும் நின்றுகொண்டிருந்தது. மறு வருஷம் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது.