பொறியியல் உறைவிடக் கல்விச் சமூகங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பொறியியல் கல்வியில் புதிதாகப் பிரவேசிக்கும் மாணவர்களை ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் குடியமர்த்தி, வகுப்பையும் வாசஸ்தலத்தையும் இணைக்கும் ஏற்பாடு. இதன் பூர்வ வடிவத்தை, 1927 முதல் 1932 வரை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கில்ஜான் நடத்திய பரீட்சார்த்தக் கல்லூரியில் காணலாம். எனினும் அங்கே மாணவர்கள் முதலாண்டில் ஆராய்ந்தது பண்டைய ஏதென்ஸ் நாகரிகத்தையேயன்றிப் பொறியியலை அன்று. பிளாக்ஸ்பர்க் நகரின் வர்ஜீனியா டெக்கில், கணித மேதை ஹைபேஷியாவின் நாமத்தால் 2001-இல் மாணவியருக்கென ஒரு சமூகமும், பின்னர் கலிலியோவின் பெயரால் மாணவருக்கென மற்றொன்றும் தோன்றின. நள்ளிரவில் கால்குலஸ் கணக்கொன்றில் தடுமாறும் மாணவி, அதே பாடத்தை முன்பே கற்றுத் தேறிய மூத்தவளின் கதவைத் தட்டிச் சந்தேகம் தெளியலாம் என்பதே இதன் விசேஷப் பயன். பெண்கள் சிறுபான்மையினராகவே அமரும் துறையில் அத்தகைய சகவாசம் பாடநூலினும் பெரிய துணை என்றே கூறவேண்டும். இதற்காகவே மூத்த மாணவியர் சிலர் வழிகாட்டிகளாக அவ்விடுதியிலேயே தங்குகின்றனர்.