எலும்புக்குப் பரவிய புற்றுநோய்: வலித்தணிப்பு

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவது அதிகம். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவை பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களைப் புற்றுச் செல்கள் தூண்டிவிடுகின்றன. எலும்பைக் கரைக்கும் அந்தச் செல்கள் சுரக்கும் அமிலமும், நரம்புகள் அடர்ந்த எலும்புறை விரிவதும், நுண்முறிவுகளும் சேர்ந்து வலியை உண்டாக்குகின்றன.

ஓய்விலும் விடாமல், இரவில் கூடும் குடைச்சல் ஒருவகை. புரண்டு படுக்கும்போதும் இருமும்போதும் எழுந்து நிற்கும்போதும் சுரீரென்று வெட்டும் வலி இன்னொரு வகை. அசையாமல் படுத்திருப்பவரிடம் “வலிக்குதா?” என்று கேட்டால், இல்லை என்றுகூடச் சொல்வார். கழிவறைவரை நடந்து வந்தபின் கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஓரிடத்தில் நிலைத்த வலிக்குக் கதிர்வீச்சு மிகச் சிறந்த சிகிச்சை. 8 கிரே அளவை ஒரே முறை கொடுத்தாலும், பல நாள் பிரித்துக் கொடுத்தாலும் வலி குறைவது ஏறத்தாழ ஒரே அளவுதான். ஒரே முறை பெற்றவர்களுக்குப் பின்னால் மறுபடி தேவைப்படுவது அதிகம். ஆனாலும் வெளியூரிலிருந்து வலியோடு பேருந்தேறி வருபவருக்கு ஒரே நாளில் முடிவது பெரிய ஆறுதல். முதல் சில நாட்களில் வலி கூடலாம்; முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அதுவரை மட்டுமல்ல, அதன் பின்னும் பலருக்கு மருந்து வேண்டும். பாராசிட்டமால் போதாத கடும் வலிக்கு மார்ஃபின் தரப்படுகிறது. சாதாரண மாத்திரையை வலி வரும்வரை காத்திராமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வெட்டும் வலிக்கு மருத்துவர் தனியாக ஓர் அளவு எழுதித் தருவார். குளிப்பாட்டுவதற்கு அரைமணி முன்பே அதைக் கொடுத்துவிட்டால் நோயாளி அலறாமல் குளிப்பார். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

அடிமையாகிவிடுவார், இது கடைசி நாட்களுக்கான மருந்து என்ற அச்சங்களால் வீட்டார் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். முறையான கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும்போது இந்த அச்சங்கள் தேவையில்லை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இம்மருந்தை எளிதில் கிடைக்காததாக்கியது. 2014இல் வந்த திருத்தம் மருத்துவப் பயன்பாட்டுக்கான விதிகளைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே வலித்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும்.

எலும்புச் சிதைவைக் குறைக்க ஜோலெட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி போடப்படுகிறது. இவை தாடையெலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முறியும் நிலையிலுள்ள தொடையெலும்புக்கு உள்ளே உலோகத் தண்டு பொருத்துவார்கள்.

முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று கொள்ள வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நடை முற்றிலும் நின்றுபோன பிறகு சிகிச்சை அளித்தால் பெரும்பாலானோர் மீண்டும் நடப்பதில்லை.