கிழக்குக் கரையின் நத்தார் வயலின்

கொக்கிளாய்க் கடலேரிக்குத் தெற்கே திருகோணமலையையும் மட்டக்களப்பையும் நோக்கி நீளும் இலங்கையின் கிழக்குக் கரையில், ஈழத்தமிழர் நத்தார் என வழங்கும் கிறிஸ்து பிறப்பு விழாவோடு மேலைநாட்டு நரம்புக் கருவிகள் சேர்ந்தமைக்குப் போர்த்துக்கேயர் வருகையே அடிப்படையாகும். 1505இல் இத்தீவை அடைந்து, 1628இல் மட்டக்களப்பில் கோட்டை எழுப்பிய அவர்களின் நாட்டில், வில்லால் இழைத்து வாசிக்கும் ரபேக்காவும் விரலால் மீட்டும் வியோலாவும் பெருவழக்கில் இருந்தன. வயலினோ வட இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இன்றைய வடிவத்தை எய்தியிருந்தது.

மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1658இல் போர்த்துக்கேயரைத் தீவிலிருந்து முற்றாக அகற்றியபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். யாழ்ப்பாணத்தில் 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியோரின் வீடுகள் சோதனையிடப்பட்டுப் பலர் சிறைப்பிடிக்கப்பட்டமை அத்தடையின் கடுமையைக் காட்டும். ஆங்கிலேயர் ஆட்சியில், 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான கட்டுப்பாடுகளை நீக்கினார்.

போர்த்துக்கேயர் வழிவந்தோரும் அவர்களோடு கலந்தோருமான மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேசிக்கொண்டே தச்சு, கொல்லு, தையல் முதலிய தொழில்களைச் செய்துவந்த சமூகத்தவர். திருமணத்திலும் நத்தார்க் காலத்திலும் அவர்கள் இசைக்கும் கஃப்ரிஞ்ஞா என்பது விரைந்த தாளமுடைய ஆடலிசையாகும்; இதில் வயலின் மெட்டை முன்னெடுக்க, மண்டலினும் கித்தாரும் துணைசெய்ய, றபான் என்னும் ஒருமுகத் தோற்கருவி தாளம் காக்கிறது. ஆகவே இது பலிபீட இசையன்று, வீட்டு இசையாகும். ஆலயத்தைச் சார்ந்திராமையே இதன் நிலைபேற்றுக்குத் துணைநின்றது எனக் கருத இடமுண்டு.

தமிழ்நாட்டில் இதே கருவி வேறு வழியில் வளர்ந்தது. ஐரோப்பியரிடம் வயலின் பயின்ற பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார்; அவர் காலத்தவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கருநாடக இராகங்களில் கீர்த்தனைகள் இயற்றினார். இதனால் தமிழ்க் கிறிஸ்தவப் பாடலுக்கு வயலின் பக்கவாத்தியமாக அமைவது எளிதாயிற்று.

புலம்பெயர்வாலும், அவர்கள் வாழ்ந்த டச்சு பார் குடியிருப்பைச் சிதைத்த 2004 ஆழிப்பேரலையாலும் மட்டக்களப்புப் பறங்கியரின் தொகை அருகிவிட்டது. இலங்கைத் தமிழிசை வரலாற்றை எழுதுவோர் தஞ்சை மரபோடு நில்லாது, இவ்வீட்டு மரபையும் அதன் கலைஞர்கள் வாழும் காலத்திலேயே பதிவுசெய்தல் வேண்டும்.